ஒரு நடவிலிருந்து அறுப்பு வரை: ஜாவா கிராமத்தில் தங்க வருகிறவர்களுக்கு

எங்கள் ஊரில் வந்து தங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை நாள்? இரண்டு நாள் என்றால் யோக்யகர்த்தா நகரிலேயே அறை எடுத்துக்கொண்டு, காலையில் வந்து வயலைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். நாற்றங்காலில் விதை தெளிப்பதிலிருந்து நெல் வீடு வந்து சேரும்வரை, ஏறக்குறைய நான்கு மாதம் இருக்கப்போகிறேன் என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் கும்பகோணம் பக்கத்துப் பெண். பினாங்கில் வேலை பார்த்தபோது பழகிய ஜாவாக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அவர் அம்மா வீட்டுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. ஊர், ஸ்லேமான் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. வடக்கே பார்த்தால் மெராபி எரிமலை. தண்ணீர், செலோக்கான் மாத்தாராம் என்ற வாய்க்காலிலிருந்து வருகிறது. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் ப்ரோகோ ஆற்றையும் ஓபாக் ஆற்றையும் இணைத்து வெட்டிய வாய்க்கால் அது. தன் குடிகளை ஜப்பானியர் கட்டாய வேலைக்கு வெளியூர்களுக்கு இழுத்துப்போகாமல் இருக்க, ‘இங்கேயே வாய்க்கால் வெட்டுகிறோம், விளைச்சல் பெருகும்’ என்று சொல்லி யோக்யகர்த்தா சுல்தான் 9ஆம் ஹாமெங்குபுவோனோ வெட்டவைத்தார். எங்கள் ஊர்க் கிழவர்கள் அந்த வாய்க்காலைத் தாண்டும்போது இன்றும் குரலைத் தாழ்த்துவார்கள்.

முதல் மாலை

வந்து இறங்கிய அன்றே பாக் எர்தே வீட்டுக்குப் போய்விடுங்கள். முப்பது நாற்பது வீடு சேர்ந்தால் ஒரு ‘எர்தே’. அதன் தலைவர் பாக் எர்தே. இந்த ஏற்பாடும் ஜப்பானியர் காலத்தில் வந்ததுதான். தெருமுனையில் பலகை இருக்கும்: விருந்தாளி 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் நகலும் விசா நகலும் எடுத்துப் போங்கள். கையில் ஒரு கிலோ சர்க்கரை, ஒரு பொட்டலம் தேயிலை. மாலைத் தொழுகை முடிந்த பிறகு போவது நல்லது. அப்போது குளித்து உடை மாற்றித் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்.

வாசலில் நின்று ‘குலோ நுவுன்’ என்று சொல்லுங்கள். உள்ளே வர அனுமதி கேட்கும் சொல் அது. பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து இன்னும் இரண்டு முறை. அப்போதும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். கதவு திறந்துதானே கிடக்கிறது என்று எட்டிப் பார்க்கக் கூடாது. ‘மோங்கோ’ என்று குரல் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறலாம். தேநீர் வரும். சூடாக, இனிப்பாக, திக்காக இருக்கும், மல்லிகை மணக்கும். கோப்பை முன்னால் இருந்தாலும் வீட்டுக்காரர் மறுபடி ‘மோங்கோ’ சொல்லும்வரை தொடாதீர்கள். வந்த விஷயத்தையும் உடனே எடுக்காதீர்கள். மழையைப் பற்றி, வழியைப் பற்றி, அவர் வாசலில் தொங்கும் குருவிக் கூண்டைப் பற்றிப் பேசிவிட்டு, தேநீர் பாதி குறைந்த பிறகு காகிதத்தை எடுங்கள். நம் ஊரில் ‘என்ன விஷயமா வந்தீங்க’ என்று கேட்டால் வாஞ்சை. இங்கே அப்படிக் கேட்கவும் மாட்டார்கள், கேட்கும்படி நாம் வைத்துக்கொள்ளவும் கூடாது.

கிளம்பும்போது ‘ஞுவுன் பமித்’, விடை பெறுகிறேன். சொல்லாமல் எழுந்திருப்பதுதான் இங்கே பெரிய குறை.

யாரை எப்படி அழைப்பது

இதில் நமக்குப் பாதி வேலை முடிந்தே இருக்கிறது. அப்பா அம்மாவை விட மூத்தவர் பக்டே, அதாவது பெரிய அப்பா. இளையவர் பக்லிக், சின்ன அப்பா. புடே பெரியம்மா, புலிக் சின்னம்மா. சொல்லுக்குச் சொல் நம் பெரியப்பா, சித்தப்பாதான். ஒரே வித்தியாசம், தாய் வழியிலும் இதே பெயர்கள்தான். மாமாவும் அத்தையும் கிடையாது. முதல் வருடம் என் மாமியாரின் அண்ணனுக்கு என்ன முறை என்று நான் தேடித் திகைத்தேன். அவரும் பக்டேதான். தாத்தா, பாட்டி வயதுக்காரர் எல்லாரும் ம்பாஹ். உங்களை விடச் சற்றே பெரியவர் மாஸ், பெண்ணானால் ம்பாக். வயது தெரியாவிட்டால் ஆணுக்குப் பாக், பெண்ணுக்குப் பூ என்று தொடங்கிவிடுங்கள். வெறும் பெயர் சொல்லி அழைப்பது குழந்தைகளை மட்டும்தான்.

உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முன்னால் கடந்துபோக நேர்ந்தால் உடம்பைத் தாழ்த்தி, வலது கையைக் கீழே நீட்டி, ‘ந்தெரெக் லங்குங்’ என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். எதையாவது சுட்டிக் காட்ட வேண்டுமென்றால் ஆள்காட்டி விரல் வேண்டாம், வலது கைப் பெருவிரல். குரல்தான் நமக்குக் கடினம். நாம் சாதாரணமாகப் பேசுவதே இவர்கள் காதுக்குச் சண்டை. அம்மாவிடம் நான் தொலைபேசியில் பேசி முடித்ததும் மாமியார் ஒருநாள் கவலையோடு வந்து, ‘அங்கே யாருக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்டார்.

‘எங்கே போகிறீர்கள்?’ 

காலையில் வீட்டை விட்டு இறங்கினால் வழியில் பார்க்கிற ஒவ்வொருவரும் கேட்பார்கள்: ‘படே திண்டாக் புண்டி?’ எங்கே கிளம்பிவிட்டீர்கள்? கிளம்பும்போது இப்படிக் கேட்டால் போகிற காரியம் ஆகாது என்று வளர்ந்தவள் நான். முதல் மாதம் ஒவ்வொரு முறையும் நெஞ்சு திக்கென்றது. இங்கே அது வணக்கம். விவரம் சொல்ல வேண்டியதில்லை. ‘மேற்கே போகிறேன்’ என்றால் போதும்.

மேற்கே என்று சொன்னதைக் கவனியுங்கள். இங்கே இடது, வலது அதிகம் புழங்காது. திசைதான். ‘பாயை இன்னும் கொஞ்சம் தெற்கே இழு’, ‘கரண்டி அடுப்புக்குக் கிழக்கே இருக்கிறது’ என்றுதான் சமையலறையிலும் பேச்சு. எங்கள் ஊரில் மலை இருக்கும் பக்கம் வடக்கு, அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரும். மேகம் மூடிய நாளில் நான் இன்னும் தடுமாறுகிறேன்.

வீட்டு வாசலைக் கடக்கும்போது ‘வாங்க, உட்கார்ந்துவிட்டுப் போங்க’ என்பார்கள். அது அழைப்பு இல்லை, அன்பு. ‘இன்னொரு நாள் வருகிறேன், மாத்துர் நுவுன்’, அதாவது நன்றி, என்று சிரித்துவிட்டு நடக்கலாம். இரண்டாவது முறையும், கையைக் காட்டியும், எழுந்து நின்றும் கூப்பிட்டால் உண்மையாகவே கூப்பிடுகிறார்கள். அப்போது ஏறாமல் போனால் மனம் கோணும்.

‘ஆம்’ என்ற சொல்லையும் இப்படித்தான் கேட்டுப் பழக வேண்டும். ‘இங்கீ’ என்றால் ஆம். ஆனால் உங்களை நோகடிக்க விரும்பாதவரும் ‘இங்கீ’தான் சொல்வார். ‘நாளைக்கு மடையைத் திறந்துவிடுகிறீர்களா?’ என்று கேட்டு, ஒற்றை ‘இங்கீ’ வந்து பேச்சு வேறு பக்கம் திரும்பினால், அது இல்லை. ‘இங்கீ, விடியற்காலம், எங்கள் வயல் முடிந்ததும்’ என்று நேரமும் இடமும் சேர்ந்து வந்தால் அது ஆம். இவர்களுக்கே இதற்கு ஒரு பழமொழி உண்டு, ஆம் ஆம் என்பார், ஆளைப் பார்க்க முடியாது என்று. நீங்களும் ‘முடியாது’ என்று வெட்டிச் சொல்லாதீர்கள். ‘முயன்று பார்க்கிறேன்’ என்றால் அவர்களுக்குப் புரியும்.

மொழியில் மூன்று படி

ஊரில் பேசுவது ஜாவானிய மொழி. பள்ளிக்கூடமும் அலுவலகமும் இந்தோனேசிய மொழி. நான்கு மாதத்துக்கு இந்தோனேசியம் போதும், ஆனால் ஐம்பது ஜாவானியச் சொல் தெரிந்தால் உங்களுக்குக் கிடைக்கும் ஊரே வேறு.

சாப்பிடுவதற்கு மட்டும் மூன்று சொல் பாருங்கள். தோழனிடம் மஙான். மரியாதையான இடத்தில் உங்களைப் பற்றிச் சொல்ல நெடோ. பெரியவர் சாப்பிடுவதைச் சொல்ல டஹர். புதிதாகக் கற்கிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வழுக்குவார்கள்: உயர்ந்த சொல் மரியாதை என்று நினைத்து, தன்னைப் பற்றியே ‘நான் டஹர் ஆயிற்று’ என்று சொல்லிவிடுவார்கள். ‘நான் உண்டருளினேன்’ என்பதுபோல. உயர்ந்த சொல் எதிராளிக்கு மட்டும். உங்களுக்கு எப்போதும் நெடோ. போவதும் அப்படியே: அவர் திண்டாக், நீங்கள் கேசாஹ்.

இந்தப் படிகள் வெறும் இலக்கணம் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாள் குறிப்பது

இங்கே இரண்டு வாரம் ஒன்றாக ஓடுகிறது. ஒன்று நமக்குத் தெரிந்த ஏழு நாள். மற்றது ஐந்து நாள்: லெகி, பாஹிங், போன், வாகே, கிளிவோன். சந்தை கூடுவது ஐந்து நாள் கணக்கில். கோத்தகெடே ஊரின் பெரிய சந்தைக்குப் பெயரே பாசார் லெகி. பக்கத்துச் சந்தை எந்த நாளில் கூடும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கோழி, நாற்று, அரிவாள், பழைய சைக்கிள் எல்லாம் வரும். மற்ற நாளில் காய்கறியோடு சரி.

இரண்டையும் சேர்த்தால் 35 நாளில் ஒரு சுற்று. பிறந்த நாள் அந்தச் சுற்றில் எங்கே விழுகிறதோ அது வெத்தோன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எண் உண்டு: வியாழனுக்கு 8, கிளிவோனுக்கு 8, ஆக வியாழன் கிளிவோனில் பிறந்தவருக்கு 16. கல்யாணப் பேச்சில் இரண்டு பேர் எண்ணையும் கூட்டிப் பார்ப்பார்கள். பத்துப் பொருத்தம் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதில்லை. என் பிறந்த தேதியை வாங்கி என் மாமியார் ரகசியமாகக் கணக்குப் பார்த்திருந்தார் என்பது மூன்று வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இதில் ஒன்றை மட்டும் அழுத்தமாக நினைவில் வையுங்கள். ஜாவானியருக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. ‘மாலாம் ஜுமாத்’, வெள்ளி இரவு என்று உங்களை அழைத்தால், அது நமக்கு வியாழக்கிழமை இரவு. ஒரு மாணவி வெள்ளிக்கிழமை ராத்திரி அழகாக உடுத்திக்கொண்டு போய் நின்றாள். விருந்து முந்தின நாளே முடிந்திருந்தது. நேரமும் கடிகாரத்தில் சொல்ல மாட்டார்கள். ‘பக்டா இஸ்யா’ என்றால் இரவுத் தொழுகைக்குப் பிறகு, ஏழரை மணி வாக்கில்.

கையை நீட்டுவது

ஊரில் இருக்கும்போது உங்கள் பங்கு என்று ஒன்று வந்துகொண்டே இருக்கும். சிறியதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்னக் கிண்ணம் தொங்கும். முன்பு அதில் ஒரு சிட்டிகை அரிசி போட்டு வைப்பார்கள், அதனால் ஜிம்பித்தான், சிட்டிகை எடுப்பது என்று பெயர். இப்போது எங்கள் தெருவில் 500 ரூபியா நாணயம். இரவுக் காவல் வரும் ஆண்கள் வீடு வீடாக எடுத்துக் கணக்கில் எழுதுவார்கள். தெருவிளக்கு, பாய், நாற்காலி, அவசரத்துக்குச் சிறு கடன் எல்லாம் அதிலிருந்துதான். நீங்கள் தங்கும் வீட்டுக் கிண்ணத்தில் நாணயம் போடும் வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். தொகை ஒன்றும் இல்லை, ஆனால் காவல்காரர்கள் யார் போட்டது என்று கவனிப்பார்கள்.

ஆண்கள் என்றால் வாரத்தில் ஓர் இரவு அந்தக் காவலுக்கே போகலாம். ரோண்டா என்பார்கள். காவல் குடிசையில் மரத்தால் குடைந்த கெந்தோங்கான் தொங்கும், அதைத் தட்டிக்கொண்டு ஒரு சுற்று, பிறகு வேகவைத்த கடலை, அவித்த மரவள்ளி, சீட்டு, விடியும்வரை பேச்சு. ஊரின் உண்மையான செய்தியெல்லாம் அங்கேதான் பரிமாறப்படுகிறது என்று என் கணவர் சொல்வார். ஞாயிறு காலையில் வாய்க்கால் தூர்வாரவோ சாலையோரம் வெட்டவோ கூப்பிடுவார்கள். மண்வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். வேலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தேநீர் தட்டைச் சுமந்தாலும் சரி.

யாராவது வீடு கட்டினால் ஊரே சேர்ந்து கூரை ஏற்றுவது சம்பாத்தான். 2006 மே 27 விடியற்காலையில் பந்துல் பக்கம் பூமி அதிர்ந்து வீடுகள் சரிந்தபோது, எங்கள் தெரு ஆண்கள் வாரக்கணக்கில் அங்கே போய் ஓடு பொறுக்கி, மூங்கில் நட்டுக் கொடுத்தார்கள். அந்த உறவு இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டு அறுப்புக்கு அங்கிருந்து இரண்டு பேர் வருவார்கள்.

இனி நான் தவறிய இடம். வந்த முதல் வருடம், மேற்கு வீட்டு புடே தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். இங்கே கல்யாணச் சமையல் ரேவாங்: அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கத்தியும் பலகையும் எடுத்துக்கொண்டு போய் வெங்காயம் உரித்து, தேங்காய் துருவி, இலை துடைத்து, பண்டம் செய்வார்கள். யாரும் தனியாகக் கூப்பிட மாட்டார்கள். எனக்கு அப்போது வீட்டிலிருந்து செய்யும் கணக்கு வேலை இருந்தது. கல்யாணத்தன்று நல்ல பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, உறையில் தாராளமாகப் பணம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். செய்ய வேண்டியதற்கு மேலேயே செய்துவிட்டதாக நினைத்தேன்.

புடே ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்பு என்னிடம் ‘சாப்பிட்டாயா’ என்று எளிய சொல்லில் பேசிக்கொண்டிருந்தவர், அடுத்த நாளிலிருந்து உயர்ந்த சொல்லுக்கு மாறிவிட்டார். ‘தாங்கள் டஹர் ஆயிற்றா?’ என்று மெத்தென்ற குரலில், சிரித்த முகத்தோடு. என் மொழி தேறியதால் மரியாதை கூடிவிட்டது என்று மகிழ்ந்தேன். மாமியார்தான் ஓர் இரவு அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்: ‘அவள் உன்னை வெளியே நிறுத்தியிருக்கிறாள்.’

அந்த வருடக் கடைசியில் அதே தெருவில் இன்னொரு விசேஷம். விடிகாலை நாலு மணிக்கே போனேன். மூன்று நாள் சின்ன வெங்காயம் உரித்தேன். வேலை தெரியாத கைக்கு இங்கே வெங்காயம்தான் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் மதியம் புடே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கண்ணில் வழிந்ததைத் தன் தோள்துணியால் துடைத்துவிட்டு, ‘விஸ் மஙான் துருங்?’ என்றார். சாப்பிட்டாயா, இன்னும் இல்லையா. அந்த எளிய சொல்லை மறுபடி கேட்டபோது வந்த கண்ணீருக்கு வெங்காயம் காரணம் இல்லை.

ஆகவே நீங்கள் இருக்கும் நாளில் ரேவாங் வந்தால், எவ்வளவு முக்கியமான வேலை இருந்தாலும் ஒரு காலைப் பொழுதாவது போய் உட்காருங்கள். சொந்தக் கத்தி கொண்டு போங்கள். அடுப்பை நடத்தும் மூத்த பெண்ணிடம் என்ன செய்யட்டும் என்று கேளுங்கள், நீங்களாக எதையும் கிளறாதீர்கள். சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.

கெண்டுரிக்கு ஆண்களை அழைப்பார்கள். நாகூர்க் கந்தூரியின் அதே சொல்தான். பாயில் வட்டமாக உட்கார்ந்து, துஆ ஓதி முடித்து, அங்கே கொஞ்சமே சாப்பிட்டு, மீதியைப் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் சோற்றுக்கு பெர்காத் என்று பெயர். வீட்டில் எல்லாருக்கும் ஒரு வாயாவது பகிராமல் தனியாகச் சாப்பிடக் கூடாது. எங்கள் தெருவில் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு, அவர்களும் வந்து உட்காருவார்கள். ரமலானுக்கு முந்தின ருவா மாதத்தில் முன்னோரை நினைத்துச் செய்யும் படையலில் ‘அபெம்’ இருக்கும். அரிசி மாவில் சுட்ட நம் அப்பம்தான், பெயரோடு கடல் தாண்டி வந்திருக்கிறது. முதல் முறை கையில் வாங்கியபோது என் பாட்டி வீட்டுக் கார்த்திகை நினைவு வந்து பேச்சே வரவில்லை.

சாவு செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரும். அன்று வயல் வேலை நிற்கும். அடக்கம் பெரும்பாலும் அன்றே. அழைப்பு எதிர்பார்க்காமல், அடங்கிய நிற உடையில் போய், கையைப் பற்றிவிட்டு, போட்டிருக்கும் நாற்காலியில் உட்காருங்கள். உரக்க அழும் வழக்கம் இங்கே இல்லை.

வயலில்

நிலம் சின்னது. எங்களுடையது கால் ஹெக்டேருக்கும் குறைவு, தெருவில் பலருக்கும் அப்படித்தான். வாய்க்கால் பாசனம் இருப்பதால் வருடம் இரண்டு மூன்று போகம் கிடைக்கிறது. தண்ணீர் குறையும் காலத்தில் நிலக்கடலை, சோளம், சோயா. மழை நவம்பர் வாக்கில் பிடித்து ஏப்ரல் வரை. ஜூலை, ஆகஸ்ட் இரவுகள் குளிர்ந்துவிடும், பெடிடிங் என்பார்கள், ஒரு கம்பளி கொண்டு வாருங்கள். பெரியவர்கள் இன்னும் பிரானோத்தோ மோங்சோ என்ற பழைய பருவக் கணக்கை வாயில் வைத்திருக்கிறார்கள். ஜூன் 22இல் தொடங்கி வருடத்தைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் அந்தக் கணக்கை 19ஆம் நூற்றாண்டில் சோலோ அரசர் 7ஆம் பாகுபுவோனோ ஒழுங்குபடுத்தினார். எந்த மரம் இலை உதிர்க்கிறது, எந்தப் பூச்சி கத்துகிறது என்பதெல்லாம் அதில் உண்டு. மழை இப்போது அதன்படி வருவதில்லை என்று மாமனார் வருத்தப்படுவார்.

தண்ணீர் யாருக்கு எப்போது என்று பார்ப்பவர் உலு-உலு. மடையில் நீங்களாகக் கை வைக்காதீர்கள், இருட்டில் ஒரு சாண் அகலம் திறந்தாலும் அடுத்த வயல்காரருக்குக் காலையில் தெரியும்.

நடவுக்குப் பெயர் தாண்டுர். பின்னோக்கி நகர்ந்துகொண்டே ஒழுங்காக வைப்பது என்று இதற்கு மக்கள் விளக்கம் சொல்வார்கள். நட இறங்குகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். நாற்று மூன்று வாரத்துக்கு உட்பட்டதாக இருக்கும். ஒரு குத்துக்கு இரண்டு மூன்று நாற்று, வேர் மூடும் அளவு மட்டும், ஆழம் வேண்டாம். கோடு போட்ட கட்டத்தில் குத்தை வையுங்கள். சில வயல்களில் இரண்டு வரிசைக்கோ நான்கு வரிசைக்கோ ஒரு முறை அகலமான இடைவெளி விடுவார்கள், ஜாஜார் லெகோவோ என்று பெயர். ஓர வரிசைக்கு வெயிலும் காற்றும் அதிகம் கிடைக்கும் என்பதுதான் காரணம். அந்த இடைவெளியை விடுபட்டதாக நினைத்து நிரப்பிவிடாதீர்கள், நான் நிரப்பினேன். நட்ட பிறகு சில நாள் தண்ணீரை மெல்லிய படலமாக மட்டும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் தண்ணீர் நின்றால் கியோங் மாஸ் என்ற பொன் நத்தை நீந்தி வந்து இளநாற்றை இரவோடு இரவாகத் தின்றுவிடும். 1980களில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த பிராணி. நாற்றுத் தாளிலும் வாய்க்கால் சுவரிலும் இளஞ்சிவப்பாக முத்துக் கொத்துப் போல ஒட்டியிருப்பது அதன் முட்டை. விடிகாலையில் வாளி எடுத்துப் போய்ப் பொறுக்குங்கள், வாத்து வைத்திருப்பவர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

மருந்து அடிப்பதில் என் மாமனார் கண்டிப்பானவர். புகையான் பூச்சி வயல்களைச் சுட்டெரித்த காலத்தைப் பார்த்தவர். பூச்சிக்கொல்லி கூடக்கூட, புகையானைத் தின்னும் சிலந்திகள் செத்து அது பெருகுகிறது என்று தெரிந்து, 1986இல் அரசு 57 மருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. பிறகு வயலிலேயே வகுப்பு நடத்தினார்கள். அதில் கற்றவர் அவர். இன்றும் வாரம் ஒருமுறை குனிந்து தூரை விலக்கி, சிலந்தி எத்தனை, புகையான் எத்தனை என்று எண்ணிவிட்டுத்தான் முடிவு செய்வார். அவரோடு ஒரு காலை வரப்பில் குந்தி உட்காருங்கள், புத்தகம் சொல்லாததைக் காட்டுவார்.

எலி பெருகினால் ஊரே சேர்ந்து வளை தோண்டும். அதைப் பார்க்கலாம், ஆனால் காலில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். எலிக் காய்ச்சல் இந்தப் பக்கம் உண்டு. வயலில் இறங்கிய பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், புஸ்கெஸ்மாஸ் எனும் வட்டார சுகாதார நிலையத்துக்கு உடனே போய், ‘நெல் வயலில் இறங்கினேன்’ என்று முதலில் சொல்லுங்கள்.

அறுப்புக்கு முன்னால் சில வீடுகளில் விவித்தான் செய்வார்கள். வயல் மூலையில் தேவி ஸ்ரீக்குச் சோறு, அவித்த முட்டை, தேங்காய் பிசைந்த கீரை, கருவாடு. நெல்லின் தாய் அவள். முன்பு உயர்ந்து வளரும் நாட்டு நெல்லை அனி-அனி என்ற, உள்ளங்கைக்குள் மறையும் கத்தியால் கதிர் கதிராக அறுத்தார்கள், அவள் அஞ்சக் கூடாதென்று. குட்டை நெல் வந்தபின் அரிவாள். மாமியாரிடம் ஒரு அனி-அனி இருக்கிறது, முதல் பிடிக் கதிருக்கு மட்டும் எடுப்பார். படையலைச் சுற்றி நின்ற குழந்தைகளோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள், அந்தச் சோற்றை வீட்டுக்கு எடுத்துவர மாட்டார்கள்.

அறுப்பாட்களுக்குக் கூலி பாவோன், நெல்லாகவே ஒரு பங்கு. அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கும் பாட்டிகள் வருவார்கள். அது அவர்களுடைய உரிமை. ‘உதவுகிறேன்’ என்று நீங்கள் பொறுக்கி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டுக்குள் சில

குளியல் தொட்டியில் இறங்கக் கூடாது, மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை அதைக் கழுவிவிடுங்கள், டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும். மின் மீட்டர் முன்பணம் கட்டுவது, தீரும்போது விடாமல் கூவும். சைவமானால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அதோடு ‘தெராசி வேண்டாம்’ என்று தனியாகச் சொல்லுங்கள். தெராசி என்பது இறால் விழுது, சம்பால் என்ற மிளகாய்த் துவையலில் அது இருப்பதை அசைவமாக யாரும் நினைப்பதில்லை. டெம்பே எனும் புளித்த சோயா அடை, தோஃபு, பலாக்காய், லோடே எனும் தேங்காய்ப்பால் குழம்பு என்று பசியில்லாமல் வாழலாம். எல்லாவற்றிலும் தென்னை வெல்லம் கொஞ்சம் இனிக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

தங்கும் வீட்டுக்குப் பணம் ஒவ்வொரு வேளைக்கும் கொடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை உறையில் வைத்து, ‘அடுப்படிக்கு’ என்று சொல்லி, வீட்டு அம்மாவிடம் வலது கையால், இடது கை தாங்க, கொடுங்கள். அவர் அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொள்வார். எண்ணச் சொல்லாதீர்கள்.

கிளம்பும்போது

ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி இரண்டு மாலைகளை வேறு எதற்கும் ஒதுக்காதீர்கள். பாக் எர்தே வீட்டில் தொடங்கி, உலு-உலு, கிழக்கு வீடு, மேற்கு வீடு, உங்களுக்கு வெங்காயம் கொடுத்த பெண் எல்லாரிடமும் போய் ‘ஞுவுன் பமித்’ சொல்ல வேண்டும். நான்கு மாதத்தில் செய்த பிழைகளுக்கு மன்னிப்பும் சேர்த்துக் கேட்பது வழக்கம். வார்த்தை தடுமாறினாலும் கேளுங்கள். அவர்களும் உங்களிடம் கேட்பார்கள்.

பையில் ஐந்து கிலோவுக்கு இடம் விட்டு வையுங்கள். வறுவல், வெல்லக் கட்டி, வாழைச்சீப்பு, யாரோ ஒருவர் புது அரிசி. எடை கூடிவிடும் என்று வாசலிலேயே மறுக்காதீர்கள், இரண்டு கையாலும் வாங்குங்கள். எடுத்துப்போக முடியாததை எங்கள் வீட்டில் விட்டால், எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுக்குத் தெரியாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடைசி இரவுக் கிண்ணத்தில் நாணயம் போட மறக்க வேண்டாம்.